பற்றரி செத்தால் கருவியையும் புதைப்பதா?

காரின் ரயர் தேய்ந்துவிட்டதென்று கராஜுக்குச் செல்லும் ஒருவரிடம், "ரயரை மாற்ற முடியாது, காரை மாற்றுங்கள்" என்று எவராவது கூறினால் ஊர் கூடிச் சிரிக்கும். ஆனால், கைத்தொலைபேசியின் பற்றரி களைத்துவிட்டதென்று கடைக்குச் செல்லும் நம்மவரிடம் இதே பதில்தான் நாள்தோறும் கூறப்படுகின்றது. நாமோ சிரிப்பதற்குப் பதிலாகப் பணப்பையைத் திறக்கின்றோம்!

இந்த வழக்கத்தை மோசடி என்றே நான் அழைக்கின்றேன். கடுமையான சொல் என்று சிலர் கருதலாம். ஆயினும், தேய்ந்துபோகும் என்று உற்பத்தியாளர் நன்கறிந்த ஒரு பாகத்தை, தேயாத பாகங்களுடன் பசை வைத்து ஒட்டி, அதன் முடிவையே முழுக் கருவியின் முடிவாக்கிவிடும் ஓர் ஏற்பாட்டுக்கு வேறு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

மீள மின்னேற்றக்கூடிய எந்தப் பற்றரிக்கும் ஆயுள் எல்லை உண்டு. அது இரசாயனம், அதில் எந்த நிறுவனத்துக்கும் குற்றமில்லை. பழைய நிக்கல் கட்மியமாயினும் சரி, 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாக வணிகச் சந்தைக்குக் கொண்டுவந்த லிதியம் அயனாயினும் சரி, ஒவ்வொரு தடவை மின்னேறி இறங்கும்போதும் சிறிதளவு இறக்கின்றது. பல ஆண்டுகளாகக் கைத்தொலைபேசிப் பற்றரிகள் ஏறத்தாழ 500 தடவை முழுமையாக மின்னேறி இறங்கியதும், புதிதில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு வந்துவிடும் என்றே கணக்கிடப்பட்டன. அண்மைக்கால மாதிரிகள் சில ஆயிரம் தடவை தாங்குகின்றன. பாவிக்காமல் அலுமாரியில் பூட்டி வைத்தாலும் பற்றரி முதுமையடையவே செய்யும். வெப்பம் அதன் முதற்பகை. நமது ஊர் வெயிலில், காரின் கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் தொலைபேசிக்கு என்ன நேருமென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பற்றரியைச் சுற்றியுள்ள மின்சுற்றுகளோ பத்து, இருபது ஆண்டுகள் இயங்கக்கூடியவை. இரண்டு ஆண்டு வாழ்வதையும் இருபது ஆண்டு வாழ்வதையும் ஒரே பெட்டிக்குள் வைக்கும்போது, முதலாவதை வெளியே எடுக்க ஒரு வாசல் வைப்பதுதானே நியாயம்? அந்த வாசலைத்தான் அடைத்துவிட்டார்கள்.

முன்னர் வாசல் இருந்தது. எந்த நாட்டில் எவர் செய்த ரோர்ச் லைற்றாக இருந்தாலும், எந்த நாட்டில் எவர் செய்த பற்றரியும் அதற்குள் பொருந்தும் என்ற ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கின் பெறுமதியை வடபுலத்து மக்களைவிட நன்கறிந்தவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்க முடியாது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலிலே பற்றரியும் இருந்தது. அப்படியிருந்தும் வானொலிகள் பேசின. செத்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்தார்கள். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். அதுவும் சரிவராதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயர்களை இழுத்துச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் காது கொடுத்தார்கள்.

இது சாத்தியமானதற்கு மக்களின் கெட்டித்தனம் மாத்திரம் காரணமன்று. அந்த வானொலிகளின் பின்புறத்தில் ஒரு மூடி இருந்தது. மூடியைத் திறந்தால் நேர்முனையும் மறைமுனையும் கண்ணுக்குத் தெரிந்தன. பொருத்தமான வோல்ற்றளவில் எங்கிருந்து மின்சாரம் வந்தாலும் அவை ஏற்றுக்கொண்டன. இன்றைய கருவிகள் அன்று நம்மிடம் இருந்திருந்தால், இரண்டு ஆண்டுகளில் குடாநாடு முழுவதும் செவிடாகியிருக்கும்.

கைத்தொலைபேசிக் காலத்தின் ஆரம்பத்திலும் அந்த மூடி இருந்தது. 2003இல் வெளிவந்த நொக்கியா 1100ஐ நினைவிருக்கின்றதா? அதற்குள் இருந்த BL-5C என்று பலரும் அறிந்த பற்றரியை — பீ.எல். ஃபைவ் சீ என்று கடைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள் — எங்கள் ஊர்ப் பெட்டிக் கடையிலும் வாங்கக்கூடியதாக இருந்தது. நொக்கியா தனது கைத்தொலைபேசி வணிகத்தை 2014இல் மைக்ரோசொஃப்ற்றுக்குக் கைமாற்றிவிட்டது. பற்றரியோ சாகவில்லை. சீனாவின் ரெக்சன் நிறுவனம் தயாரிக்கும் சிற்றலை வானொலிகள் சில, நொக்கியாவுக்கென வகுக்கப்பட்ட அதே அளவுப் பற்றரியில்தான் இயங்குகின்றன. 1990களில் சோனியின் வீடியோ கமராக்களுக்கென வந்த என்.பி.எஃப். வரிசைப் பற்றரிகளும் அப்படியே. அந்தக் கமராக்கள் ஓய்ந்துவிட்டன. பற்றரியை இன்றும் வேறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பவர்களின் எல்.ஈ.டி. விளக்குகளின் முதுகில் அவை இருக்கக் காணலாம். கழற்றக்கூடிய பற்றரி அதன் கருவியைவிட நீண்டகாலம் வாழ்ந்திருக்கின்றது. அதனால், அலுமாரியில் கிடக்கும் பழைய கமராவும் இன்று உயிர்பெற முடிகின்றது.

மூடிய பெட்டியை நாகரிகமாக்கிய பெருமையில் பெரும்பங்கு 2001இல் வந்த ஐபொட்டுக்கு உரியது. 2003இல் நியூயோர்க்கில் நீஸ்ராற் சகோதரர்கள், பற்றரி 18 மாதங்களில் செத்துவிட்டது, புதிதாக வாங்கச் சொல்கின்றார்கள் என்று ஒரு குறும்படம் எடுத்து, அப்பிளின் விளம்பரச் சுவரொட்டிகள்மீதே அச்செய்தியை எழுதி வைத்தனர். அதே காலப்பகுதியில் 99 டொலருக்குப் பற்றரி மாற்றித் தரும் திட்டம் ஒன்றை அந்நிறுவனம் அறிவித்தது. வழக்குத் தொடர்ந்தவர்களுடன் 2005இல் சமரசமும் ஏற்பட்டது. அத்துடன் பாடம் படிக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் அது நமது அப்பாவித்தனம். 2017 டிசெம்பரில், பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்து வந்ததை அதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென நின்றுவிடாமற் காப்பதற்காகவே செய்தோம் என்றார்கள். இருக்கலாம். ஆனால், அதைப் பாவனையாளருக்கு ஏன் சொல்லவில்லை? "உங்கள் தொலைபேசி மந்தமாகிவிட்டது" என்பதற்கும் "பற்றரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும்" என்பதற்கும் இடையில் ஒரு புதிய தொலைபேசியின் விலை இருக்கின்றதல்லவா? 2020 பெப்ரவரியில் பிரான்ஸ் அரசு இந்த மௌனத்துக்காக 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. குட்டு வெளிப்பட்ட பின்னர், 79 டொலராக இருந்த பற்றரி மாற்றும் கட்டணம் 29 டொலராக இறங்கியதும் குறிப்பிடத்தக்கது. அப்படியானால் அதுவரை வாங்கிய மீதி 50 டொலர் எதற்கு?

நிற்க. எதிர்த்தரப்பின் வாதங்களையும் கேட்போம். மெல்லியதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது, பாவனையாளர் கைவைத்தால் ஆபத்து என்பன அவை.

தண்ணீர் விடயத்தை இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். 2014இல் வந்த சம்சுங் கலக்ஸி எஸ் 5, நகத்தால் திறக்கும் மூடியையும் கழற்றும் பற்றரியையும் வைத்துக்கொண்டே தண்ணீரைத் தாங்கியது. 2022இல் அதே நிறுவனத்தின் எக்ஸ்கவர் 6 புரோவும் அவ்வாறே. மெல்லியது என்ற வாதத்துக்கு, வாங்கியவுடன் அதன்மேல் தடித்த உறையை மாட்டிக்கொள்ளும் நமது பழக்கமே பதில்.

பாதுகாப்பு வாதம் மாத்திரம் சற்று நின்று ஆராயத்தக்கது. ஏனெனில், உண்மை அதற்கு நேரெதிரானது என்பதை இரண்டு சம்பவங்கள் காட்டுகின்றன. 2007 ஓகஸ்டில், மற்சுஷிற்றா நிறுவனம் நொக்கியாவுக்குச் செய்துகொடுத்த பற்றரிகளில் 46 மில்லியன் வரையானவை மின்னேற்றும்போது சூடாகக்கூடும் என்று நொக்கியா அறிவித்தது. 46 மில்லியன்! பாவனையாளர் என்ன செய்தார்? மூடியைத் திறந்து, பற்றரியின் இலக்கத்தைப் பார்த்து, அந்தத் தொகுதியைச் சேர்ந்ததாயின் இலவசமாக வேறொன்றைப் பெற்றுக்கொண்டார். தொலைபேசி அவரிடமே இருந்தது. 2016இல் சம்சுங் கலக்ஸி நோட் 7 தீப்பற்றியபோதோ, சுமார் இரண்டரை மில்லியன் தொலைபேசிகளை முழுமையாகத் திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் பற்றி எரிந்தன. ஒக்டோபரில் அந்த மாதிரியே நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் வேடிக்கையொன்று நடந்தது. அந்தத் தொலைபேசிகளில் சிலவற்றுக்குச் சிறிய பற்றரியை வைத்து, வேறு பெயரில் தென்கொரியாவில் விற்றார்கள். கருவியில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கழற்ற முடிந்தபோது பற்றரி மாத்திரம் திரும்பிப் போனது. ஒட்டியிருந்தபோது எல்லாமே போனது. ஆபத்தான பாகத்தைக் கழற்ற முடியாமல் வைப்பதைப் பாதுகாப்பு என்று எவ்வாறு அழைப்பது?

பசையைவிடக் கெட்டியான பூட்டும் வந்துவிட்டது. 2019இலிருந்து ஐபோன் ஒன்றின் பற்றரியை வெளிக்கடையில் மாற்றினால், அதே நிறுவனத்தின் அசல் பற்றரியையே போட்டாலும், இது உரிய பற்றரியா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று திரை முறையிடலாயிற்று. பற்றரியின் நிலையைக் காட்டும் எண்ணும் மறைந்தது. எதிர்ப்புகளின் பின்னர் 2024இலிருந்து இதனை ஓரளவு தளர்த்தியுள்ளனர். பல மடிக்கணினிப் பற்றரிகளுக்குள்ளும் இவ்வாறான ஒரு சிறு சில்லு உண்டு. உள்ளே இருக்கும் செல்களைப் புதுப்பித்தாலும், "நான் செத்துவிட்டேன்" என்று அது பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். 2016 இறுதியில் வந்த எயர்பொட்ஸ் போன்ற காதிற் செருகும் கருவிகளைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது. அவற்றை உடைக்காமல் திறக்க முடியாது.

நமது நாட்டில் இதன் சுமை எவர் தலையில் விழுந்தது என்பதை 2022இல் கண்டோம். மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. பற்றரி தளர்ந்த தொலைபேசி உச்சிப்பொழுதுக்கு முன்னரே அணைந்துவிடும். அடுத்த மின்சாரம் நள்ளிரவில். புதிய தொலைபேசியின் விலையோ கேட்கவே முடியாதது. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலுக்கும் எரிவாயு வரும் நேரத்துக்கும் பாடசாலைப் பாடத்துக்கும் ஒரே வழியாக அந்தத் தொலைபேசி இருந்த வீடுகள் எத்தனை! அந்நாட்களில் கொழும்பு புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலும் சூடுகாற்று இயந்திரத்தால் பசையை இளக்கி, பிளாஸ்ரிக் தகட்டால் பற்றரியைக் கிளப்பிக்கொண்டிருந்த இளைஞர்கள் செய்தது சமூக சேவை. அவர்களைத்தான் "அங்கீகாரமற்ற திருத்துநர்" என்று பெரிய நிறுவனங்களின் பத்திரங்கள் அழைக்கின்றன.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2000களின் ஆரம்பத்திலிருந்து செவ்விகளைப் பதிவுசெய்ய மினிடிஸ்க் கருவியொன்றைப் பயன்படுத்தினேன். பேசியவர்களிற் பலர் இன்று இல்லை. அந்தத் தட்டுகளை வாசிக்க அந்தக் கருவி வேண்டும். அதன் உள்ளே சூயிங்கம் வடிவில் ஒரு தட்டையான நிக்கல் பற்றரி. அது செத்துப் பல காலம். முகவர் நிலையமொன்றில் கொடுத்தபோது, பெட்டியைத் திறந்துகூடப் பாராமல், "இதெல்லாம் மியூசியத்துக்குரியவை ஐயா, புதிய ரெக்கோடர் ஒன்று எடுங்கோவன்" என்றார் அங்கிருந்த தம்பி. புதிய ரெக்கோடரில் எனது பழைய தட்டைப் போட முடியுமா என்று கேட்டேன். பதில் இல்லை. நல்லவேளையாக, அந்தக் கருவியை வடிவமைத்த எவரோ ஒரு பொறியியலாளர், பக்கவாட்டில் திருகிப் பூட்டும் சிறு கூடொன்றையும் கூடவே தந்திருந்தார். அதற்குள் சாதாரண பென்ரோர்ச் பற்றரி ஒன்று போதும். நானும் மீள மின்னேற்றும் பென்ரோர்ச் பற்றரி ஒன்றைப் போட்டேன். பேசியது! பதிவுகள் யாவும் இப்போது கணினியில் இருக்கின்றன. முகம் தெரியாத அந்தப் பொறியியலாளருக்கு நான் கடமைப்பட்டுள்ளேன்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய கருவியொன்று இருக்கக்கூடும். தந்தையின் குரலோ, ஊர்க் கோயில் திருவிழாவோ அதற்குள் இருக்கலாம். வீசுமுன் முதலில் பற்றரியின் மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். அது வீங்கியிருந்தால் மின்னேற்றவோ குத்திக் கிளப்பவோ முயலாமல் திருத்துநரிடம் கொடுங்கள். இணையத்தில் "அசல், திறக்கப்படாதது" என்ற பெயரில் விற்கப்படும் பத்தாண்டுப் பழைய பற்றரிக்கு மயங்க வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கும் பத்து வயதுதான். அண்மையில் தயாரிக்கப்பட்ட நல்ல மாற்றுப் பற்றரி அதனிலும் மேலானது. மறுபுறத்தில், போலிகளுக்கும் குறைவில்லை. மடிக்கணினிகளிலும் ரோர்ச்சுகளிலும் வரும் 18650 என்ற உருளைச் செல் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அந்த உருளைக்குள் 3500 மில்லிஅம்பியர் மணி அல்லது அதற்குச் சற்று மேல்தான் அடங்கும். 9900 என்று அச்சிட்டு விற்பவர் பொய் சொல்கின்றார். நல்ல செல் 45 கிராம் அளவில் கனக்கும். கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். பழைய நிக்கல் கட்மியப் பொதிகளைப் புதுப்பிப்பவர்கள், செல்களைப் புள்ளிப் பற்றவைப்பு முறையில் இணைப்பவரிடமே கொடுக்க வேண்டும். செல்லின்மேல் நேரடியாக ஈயம் உருக்கி ஒட்டினால் புதிய செல்லும் வெந்துவிடும். நிக்கல் கட்மியத்துக்குப் பதிலாக நிக்கல் ஹைதரைட் போட்டால், நேரக்கணக்கில் மட்டும் இயங்கும் பழைய சார்ஜரைக் கைவிடுவதும் அவசியம்.

சட்டம் மெல்ல அசைகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய பற்றரி ஒழுங்குவிதியின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் அங்கு விற்கப்படும் கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசிக் கருவி சந்தைக்கு வந்து ஐந்து ஆண்டுகள் வரை மாற்றுப் பற்றரி கிடைக்க வேண்டும். மென்பொருளைக் கொண்டு மாற்றத்தைத் தடுக்கக்கூடாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலமும் 2024இல் மென்பொருட் பூட்டுக்கு எதிராகச் சட்டம் செய்தது. ஆனால், ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு கதவு திறந்தேயுள்ளது. 500 தடவையின் பின் 83 சதவீதமும் ஆயிரம் தடவையின் பின் 80 சதவீதமும் தாங்கி, தண்ணீரையும் தாங்கும் தொலைபேசிகளுக்குப் பாவனையாளரே மாற்றும் நிபந்தனை பொருந்தாது. பெரிய நிறுவனங்கள் எந்தக் கதவால் வெளியேறப்போகின்றன என்பதை ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை. அச்சத்தின் பயனாகச் சில நல்ல காரியங்களும் நடக்கின்றன. 2024இல் வந்த ஐபோன் 16இன் பற்றரிப் பசைக்கு, பழைய ட்ரான்சிஸ்ரர் வானொலிகளில் இருந்த அதே ஒன்பது வோல்ற் பற்றரியை ஒன்றரை நிமிடம் தொடுத்தால் பிடி விட்டுவிடுகின்றது. முடியாது, முடியாது என்றவர்களுக்கு இருபது ஆண்டுகளின் பின் முடிந்திருக்கின்றது!

இலங்கையில் நாம் கேட்க வேண்டியது மிகச் சிறியது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருட்களின் உறையில் என்ன அச்சிடப்பட வேண்டுமென்று பணிக்கும் அதிகாரம் உண்டு. பற்றரியை மாற்ற முடியுமா, எவர் மாற்றுவார், இன்றைய கட்டணம் என்ன, எத்தனை ஆண்டுகளுக்குப் பற்றரி கிடைக்கும் என்ற நான்கு வரிகளை ஒவ்வொரு தொலைபேசிப் பெட்டியிலும் மூன்று மொழிகளிலும் அச்சிடுமாறு இறக்குமதியாளர்களைப் பணிக்கட்டும். பிரான்ஸ் 2021 ஜனவரியிலிருந்தே திருத்தத்தகு புள்ளியைப் பொருளின் விலைக்கருகில் காட்டச் செய்கின்றது. நமது அதிகாரசபை அரிசி மூடையில் விலை ஒட்டச் சொல்வதுபோல இதையும் சொல்லலாம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மெல்பேர்னிலும் இருந்து விடுமுறைக்கு ஊர் வருவோருக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குப் புதிய தொலைபேசி வாங்கி வருமுன், அவருடைய பழையதின் மாதிரி இலக்கத்தைக் கேட்டு, அதற்குரிய பற்றரி உங்கள் ஊரில் நம்பகமான கடையில் கிடைக்குமா என்று பாருங்கள். பயணிகள் விமானங்களில் லிதியம் அயன் பற்றரியைத் தனிச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், தபாலில் அனுப்புவது பெரும்பாடு. கையில் கொண்டுவரும் பையில் வைக்கலாம். 100 வோற் மணிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்; தொலைபேசிப் பற்றரிகள் யாவும் இந்த எல்லைக்கு மிகக் கீழேயே உள்ளன. முனைகளின்மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள். ஏற்றிவிடும் பெரிய பெட்டிக்குள் மாத்திரம் வைக்க வேண்டாம். கட்டுநாயக்கா வரை அது வந்துசேராது.